டச்பே கடற்கரையில் வரலாற்றுப் பலகைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சனசமூக நிலையமும் அயலிலுள்ள இரண்டு சங்கங்களும் சேர்ந்து, டச்பே கடற்கரையோரம் திருகோணமலையின் வரலாற்றைக் கூறும் விளக்கப் பலகைகளை உள்ளூராட்சி சபையின் உதவியோடு நிறுத்த எண்ணியுள்ளோம். இராவணன் காலம் முதல் இன்றுவரை இருபது பலகைகளுக்கான பட்டியல் ஆயத்தமாகிவிட்டது. அடுத்து நாங்கள் செய்ய வேண்டியது என்ன?
– சங்கச் செயலாளர் ஒருவர், திருகோணமலை

பதில்: பட்டியலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, குழுவினர் எல்லோரும் ஒரு மாலைப்பொழுதில் கடற்கரைக்குப் போய் நிற்பதுதான் அடுத்த வேலை. அங்கே வருகிறவர்கள் காற்று வாங்க வருகிறார்கள். பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுக் கடலைச் சுருளோடு அமர்ந்திருக்கிறார்கள். கோட்டைப் பக்கமிருந்து வருகிறவரும் உண்டு, எதிர்ப்புறமிருந்து வருகிறவரும் உண்டு. ஆகவே முதலாவது பலகையில் தொடங்கி இருபதாவதில் முடியும் காலவரிசை என்பது உங்கள் கூட்ட அறிக்கையில் மட்டுமே இருக்கும், கடற்கரையில் இருக்காது. நடுவே எங்காவது ஒரு பலகையின் முன் ஒருவர் அரை நிமிடம் நிற்பார். அந்த அரை நிமிடத்துக்குள் அப்பலகை மற்றவற்றின் துணையில்லாமல் தன் செய்தியைச் சொல்லிவிட வேண்டும்.

அங்கு நின்று பார்த்தால் எதைப் பற்றி எழுதலாம் என்பது தானாகவே தெரியவரும். வடகிழக்கே பிரடெரிக் கோட்டையின் மதிலும் அதற்கப்பால் சுவாமி மலையும் தெரிகின்றன. தெற்கே கடற்படைத் தளம் அமைந்த மேட்டு நிலம், முன்னே திறந்த கடல், காலடியில் மணல். பலகை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கண்ணுக்குப் படுவதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அங்கிருந்து காண முடியாத ஒன்றைச் சொல்வதற்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, கடற்கரைக்கு அண்மையில் பழைய ஒல்லாந்தர் கட்டடமொன்றில் கடற்படையின் அருங்காட்சியகமும் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கோட்டைப் பலகையின் வாசகம், “1505 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர்…” என்று தொடங்கி, ஏறக்குறைய முந்நூறு சொற்களுக்கு நீள்கிறது. அதனை நான் இப்படிச் சுருக்குவேன்: “வடகிழக்கே தெரியும் மதிலைப் பாருங்கள். அதிலே கோயிற் கற்களும் இருக்கின்றன. மலைமேல் இருந்த கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களையும் கொண்டு இங்கே கோட்டை கட்டினர். பின்னர் இது ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் கைகளுக்கு மாறியது. 1782 ஆம் ஆண்டில் மட்டும் இரு முறை கைமாறியது.” இவ்வளவு போதும். அந்த ஆண்டு ஜனவரியில் பிரித்தானியரும் ஓகஸ்டில் பிரான்சியத் தளபதி சப்ரனும் கோட்டையைப் பிடித்தார்கள் என்பதையும், செப்டம்பர் 3 ஆம் திகதி இரு கடற்படைகளும் இதே கடலில் மோதிக்கொண்டன என்பதையும் படத்தின் அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். யோர்க் கோமகன் பிரடெரிக்கின் பெயர் 1803 இல் சூட்டப்பட்ட செய்தியைக் கோட்டை வாயிலில் நிறுத்தும் பலகைக்கு விட்டுவிடுங்கள்.

இருபது வேண்டாம், ஆறு போதும். கோட்டை மதில் ஒன்று. இத்தனை பேர் இவ்விடத்துக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பதை விளக்கும் துறைமுகப் பலகை ஒன்று: மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடாவையும், கடலடியிலே மிக ஆழமான பள்ளத்தாக்கொன்று கரைக்கு மிக அண்மை வரை நீண்டிருப்பதையும் ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் காட்டிவிட்டால், பெருங்கப்பல்கள் இங்கு ஏன் வந்தன என்பதும் திமிங்கிலங்கள் இவ்வளவு அருகில் ஏன் தென்படுகின்றன என்பதும் ஒரே படத்தில் விளங்கிவிடும். 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியதற்கு ஒன்று. இதற்கு மட்டும் பெரியவர்கள் தம் பெற்றோரிடம் கேட்டறிந்த, ஊரைவிட்டு ஓடிய கதைகளை இப்போதே ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் அவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்கு ஒன்று. மீனவர் வாழ்வு பற்றியும் ஆறாவது பற்றியும் கீழே வேறு வாசகர்களுக்குச் சொல்லியுள்ளேன்.

அனுமதிகளை இப்போதே தொடங்குங்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயமாகும். அங்கே கொங்கிறீற்று அடித்தளம் இடுவதற்கு முன் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். கோட்டையை அண்டிய இடமென்றால் தொல்பொருள் திணைக்களமும், நிலத்தைப் பொறுத்துப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகமும் இதில் சேரும். பலகை அச்சான பிறகு அனுமதி கேட்டுப் போகிறவர்கள் பலகையை மண்டபத்தின் மூலையில் சாத்தி வைத்திருப்பதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவு, குளக்கோட்டன் என்ற மன்னன் செய்ததாகச் சொல்லப்படும் கோயில் திருப்பணி, காதலனைப் பிரிந்த ஒல்லாந்துப் பெண் மலையிலிருந்து குதித்த கதை ஆகியவற்றை எழுதக்கூடாது என்று எங்கள் குழுவிலுள்ள இளையவர்கள் கூறுகிறார்கள், எழுதாவிட்டால் திருகோணமலை ஏது என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மூதூர்

பதில்: இரு தரப்பாரும் பாதிப் பாதி சரி, அம்மா. கல்லில் இருப்பது, ஏட்டில் இருப்பது, வாய்மொழியாக வருவது என்று மூன்றையும் எழுதலாம். எது எதில் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

குளக்கோட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை’ என்று தொடங்கி, பறங்கியர் வந்து இடிப்பதைக் கூறிச் செல்லும் பாடலை நம்மில் பலர் மனனமாகச் சொல்வோம். கோட்டை வாயிலில் உள்ள கல்வெட்டோ சிதைந்துபோன ஒரு துண்டு. சில எழுத்துக்களே வாசிக்கத்தக்கவை, அருகே இணைக்கயல் (இரட்டை மீன்) பொறிக்கப்பட்டுள்ளது. பலகையில் கல்லின் நிழற்படத்தைப் போட்டு, கல்லில் இருக்கும் எழுத்துக்களை ஒரு நிறத்திலும், வாய்மொழி மரபால் நிரப்பப்பட்டவற்றை வேறொரு நிறத்திலும் அச்சிட்டால், ஒரு பிள்ளைகூட இரண்டையும் பிரித்தறிந்துகொள்ளும். பாடலின் மதிப்பும் அதனால் குறையாது.

ஒல்லாந்துப் பெண்ணின் கதையில் சற்றுக் கவனம் தேவை. சுவாமி மலையில் பிரான்சினா வான் ரீட் என்பவரின் பெயரும் 1687 ஆம் ஆண்டும் பொறித்த தூண் ஒன்று நிற்பது உண்மை. அவர் குதித்து இறந்தார் என்பது சுற்றுலா வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. அவர் அதன் பின்னும் வாழ்ந்து மணம் செய்துகொண்டார் என்று பழைய ஒல்லாந்தர் பதிவுகளைக் கொண்டு எழுதியவர்கள் உண்டு. கதையையும் மறுப்பையும் அடுத்தடுத்து இரண்டே வாக்கியங்களில் தந்துவிட்டால், வாசிப்பவர் தம்மோடு வந்தவரிடம் அதுபற்றிப் பேசத் தொடங்குவார். ஒரு பலகைக்கு அதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்?

இராவணன் வெட்டுக்கு “என்பது ஐதிகம்” என்ற இரு சொற்கள் போதும். அதற்குக் கோபிக்கும் பக்தரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அது இல்லாமல் ஆண்டுக் கணக்கோடு எழுதினால்தான் வம்பு வருகிறது.

மலைக்கோயிலைப் பற்றிக் கடற்கரையில் ஒரு பலகை வைப்பதானால் அதுவே முன்பு நான் சொன்ன ஆறாவது பலகையாகட்டும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை’ என்று பாடினார். அந்தக் குரைகடலின் ஓசையைக் கேட்டபடியே அந்த அடியை வாசிக்கக் கூடிய இடம் உலகத்தில் இதுவொன்றுதான். அதன் கீழே, 1950 இல் நிலத்தைத் தோண்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டதையும், 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடியபோது இடிபட்ட கோயிலின் கற்றூண்களைக் கண்டதையும் சேர்த்தால், இடிப்பும் மீட்பும் ஒரே இடத்தில் அமைந்துவிடும்.

உங்கள் கேள்வியின் பிற்பகுதியில் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவரும் அவருடைய தந்தையும் 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது உங்கள் மூதூர்ப் பக்கத்தில். அந்தப் பலகை அங்கேயே நிற்கட்டும்.

கேள்வி: எந்தப் பலகையைப் பார்த்தாலும் அரசனும் வெள்ளைக்காரனும்தான் இருக்கிறார்கள். கரையில் உழைத்த எங்களுக்கு இடமில்லையா?
– ஒரு மீனவர் சங்கத்தைச் சேர்ந்தவர், கிண்ணியா

பதில்: நியாயமான மனக்குறை. கடற்கரையில் வைக்கும் பலகையில் கடற்றொழிலுக்கே முதலிடம் தரப்பட வேண்டும், ஏனெனில் வருகிறவருக்குக் கண்முன்னே தெரியக்கூடிய வரலாறு அதுதான்.

கரைவலையை விளக்கும் பலகையொன்று எப்படி அமையலாம் என்று சொல்கிறேன். ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் சிலரிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் போகிறது. வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே சென்று, மறுபக்கக் கயிற்றோடு தூரத்தில் கரையேறுகிறது. இரு அணியினரும் அம்பா பாடிக் கயிற்றைப் பின்னோக்கி நடந்து இழுக்க, இரண்டு அணிகளும் சிறிது சிறிதாக ஒன்றையொன்று நெருங்கி வர, கடைசியில் நடுவிலுள்ள மடி மீனோடு கரையைத் தொடுகிறது. சில இடங்களில் இப்போது உழவு இயந்திரம் இழுக்கிறது. பாட்டுக்கு அங்கே வேலையில்லை. இதற்கு நீண்ட வாசகம் தேவையே இல்லை. மேலிருந்து பார்ப்பதுபோல் நான்கு கட்டப் படம் வரைந்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் வலை இழுத்தவருக்கும் பங்கு எவ்வாறு பிரிந்தது என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். அந்தப் பங்குக் கணக்கைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். வாடியில் இருக்கும் முதியவர்களிடமே கேளுங்கள். ஊருக்கு ஊர் அது வேறுபடும், அவர்கள் சொல்வதுதான் அந்தக் கரைக்குரிய உண்மை.

2009 இல் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே ஓடிய பாதையும் (ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை) ஒரு பலகைக்குத் தகுதியானது. நோயாளியும் மணமகளும் நெல் மூட்டையும் ஒரே பாதையில் காத்துக் கிடந்த காலத்தை அறிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அதனை டச்பேயில் வைக்காமல் உங்கள் பாலத்தடியில் வையுங்கள். அங்கே நீரைப் பார்த்தவுடன் கதை விளங்கும். பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலையும் முன்வந்தால் செலவும் பெரிதாக இராது.

கேள்வி: 2006 ஜனவரியில் இக்கடற்கரையில் மாணவர்கள் கொல்லப்பட்டதை எழுதாமல் வரலாறு எழுதுவது எப்படி? எழுதினால் முழுத் திட்டமும் நின்றுவிடும் என்று குழுவில் அஞ்சுகிறார்கள்.
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர், திருகோணமலை

பதில்: 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அண்மையில், கடற்கரையில் கூடியிருந்த மாணவர்களுள் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019 இல் போதிய சாட்சியம் இல்லையென நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே நினைவேந்தல் நடக்கிறது. இவை எவரும் மறுக்காத செய்திகள்.

இதில் முதற் சொல் குடும்பங்களுக்குரியது. குழு கூடித் தீர்மானித்துவிட்டுப் பின்னர் அவர்களுக்கு அறிவிப்பது முறையல்ல. எழுதலாமா, எழுதினால் பெயர்கள் வேண்டுமா, அங்கே படம் வேண்டுமா என்பதையெல்லாம் அவர்களிடமே கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். வேண்டும் என்றால், அது கோட்டை, திமிங்கிலம் முதலிய பலகைகளின் வரிசையில், அதே நிறத்தில், அதே சட்டகத்தில் நிற்கக் கூடாது. அது சுற்றுலாப் பலகை அல்ல, நினைவுக்கல். தனியாக, சற்று ஒதுங்கிய இடத்தில், திகதியும் இடமும் நடந்ததும் மட்டும் அமையட்டும். உரிச்சொற்களை அடுக்கினால், அதைக் குறைசொல்லக் காத்திருப்பவருக்குப் பிடி கொடுத்ததாகும். செய்தியே போதிய பாரமுடையது.

போரைப் பற்றிப் பொதுவாக ஒரு பலகை எழுதுவதானால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என இம்மாவட்டத்தின் மூன்று சமூகங்களும் இழந்தவற்றை அந்தந்தச் சமூகத்தாரே வாசித்துச் சரிபார்க்க வேண்டும். அனுமதி கிடைக்காமற் போகலாம் என்ற அச்சத்தையும் நான் இலேசாக எண்ணவில்லை. கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள்; அங்கே “மகிழ்ச்சிக் கடற்கரை” என்று படச்சட்டம் ஒன்றை நிறுத்தி விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் விடுதியின் முன்னால் நாங்கள் வைத்த தகவற் பலகை இரண்டு மாரி முடிவதற்குள் துருப்பிடித்து வெளிறிவிட்டது. கடற்கரைக்கு எந்தப் பொருள் ஏற்றது?
– விடுதி உரிமையாளர், உப்புவெளி

பதில்: தகரத்தில் ஸ்ரிக்கர் ஒட்டிய பலகையாக இருந்திருக்கும். உப்புக்காற்று ஆணித் துளை வழியே உட்புகுந்து தகரத்தைத் தின்னும். வெயில் சிவப்பையும் மஞ்சளையும் முதலில் உறிஞ்சும். வாடைக்காற்றோடு வரும் மணல் மிச்சத்தைத் தேய்த்துவிடும். படத்தை உள்ளே வைத்து உயர் அழுத்தத்தில் வார்க்கும் லமினேற் பலகை பத்தாண்டளவு தாங்கும். எனாமல் பூசிச் சூளையில் சுட்ட உருக்குப் பலகை அதைவிட நெடுங்காலம் நிற்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். கருங்கல்லில் செதுக்கினால் அழியாது, ஆனால் பிழை விட்டாலும் அழியாது.

பலகையை விடச் சட்டகத்திலும் ஆணியிலும்தான் பெரும்பாலும் ஏமாறுகிறோம். துருப்பிடிக்காத உருக்கு என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் 304 தரத்தையே தருவார்கள். கடலோரத்தில் அது தேநீர்க் கறைபோல் பழுப்பேறும். மொலிப்டினம் சேர்ந்த 316 தரத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அலுமினியச் சட்டகத்தில் உருக்கு ஆணியை நேரே முடுக்கினால் உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். இடையில் நைலோன் வளையம் இட வேண்டும். தூண்களை மணலில் நடாமல் நடைபாதையின் தரைப்பக்க ஓரத்தில் நடுங்கள், வடகீழ்ப் பருவக் கடல் எவ்வளவு மணலை வாரிச் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து சுமார் 80 சென்ரிமீற்றர் உயரத்திலும், முகம் 45 பாகை சாய்ந்தும் இருந்தால், சிறுவரும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் வாசிக்கலாம், கடலும் மறைக்கப்படாது. கிழக்கு நோக்கி நின்று வாசிப்பவருக்குக் காலைச் சூரியன் கண்ணில் அடிக்கும் என்பதால் பளபளப்பில்லாத மேற்பரப்பே நல்லது. கோட்டைக்கு அருகே வைப்பதானால் தூண் தடிப்பாக இருக்கட்டும்: அங்கே திரியும் மான்கள் கொம்பைத் தேய்க்க வேறு இடம் தேடமாட்டா.

கேள்வி: பொதுப் பலகைகளில் தமிழ் ஏன் எப்போதும் பிழையாக வருகிறது? எங்கள் பலகையில் அது நேராமல் காப்பது எப்படி?
– உயர்தர மாணவி, நிலாவெளி

பதில்: எழுதியவரின் பிழை பாதி, கணினியின் பிழை மறுபாதி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோட்டுக்கு மாற்றும்போதும், தமிழைக் கையாளத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போதும் எழுத்துக்கள் குலைகின்றன. ‘கோட்டை’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தள்ளப்பட்டு, அருகே புள்ளி வட்டம் ஒன்று முளைத்திருக்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது அலங்காரமாகவே தெரியும். ஆகவே நீங்கள் கொடுத்த கைப்பிரதியை அல்ல, அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பை, அதுவும் உண்மையான அளவில் தாளில் எடுத்து, எழுதியவர் அல்லாத இருவர் உரத்து வாசிக்க வேண்டும்.

இன்னொன்று, இடப் பங்கீடு. சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்புமொழி. மூன்றும் பலகையில் வரும். ஒரே செய்திக்குத் தமிழ் வாசகம் ஆங்கிலத்தை விட நீளமாகும் என்பதை அறியாத வடிவமைப்பாளர், மூன்று சம கட்டங்கள் போட்டுவிட்டுத் தமிழ் எழுத்தைச் சுருக்கிவிடுவார். உடல் எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல் மூன்று மொழியிலும் ஒரு வாக்கியத்தை வெட்டுங்கள்.

கேள்வி: கியூஆர் குறியீடு ஒன்றை ஒட்டிவிட்டால் இத்தனை பாடு எதற்கு?
– வாசகர், சீனக்குடா

பதில்: மேலதிக விபரத்துக்கும், முன்னே சொன்ன முதியோரின் ஒலிப்பதிவுகளுக்கும், பார்வையற்றோர் கேட்பதற்கும் அது பயன்படும், தாராளமாக ஒட்டுங்கள். ஆனால் அது இட்டுச்செல்லும் இணையத்தளத்துக்கு ஆண்டுதோறும் யார் பணம் கட்டுவார், பலகையில் படியும் உப்பை மாதம் ஒருமுறை நன்னீரால் யார் கழுவுவார் என்ற இரண்டையும் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் பெயரோடு பதிந்த பிறகு ஒட்டுங்கள்.